வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியும் கொல்லைக் கதவும்

கொடி மாறிய பிறகு புதுச்சேரியில் எல்லாமே மாறிவிட்டதாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து மாறியது ஒன்றுதான். முன்பெல்லாம் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், "முடியாது" என்பதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அதையே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டுமே தெரியாது என்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. குர்ஆன் ஓதுவேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்துப் போடச் சொன்னால் அரை நாள் ஆகும்.

அப்படிப்பட்ட நான் ஒரு சர்க்கார் விவகாரத்தில் தலையிட்டேன். தலையிட்டேன் என்பதுகூடத் தப்பு. தலையைத் திரைக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். வாயை மட்டும் விட்டேன்.

கொடி மாறி மூன்று வருஷம் இருக்கும். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டை சர்க்கார் வாடகைக்குப் பிடித்து ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்தது. வாரத்தில் ஒருநாள், இரண்டு மணி நேரம், முஸ்லிம் பெண்களுக்கு மட்டும். பார்ப்பதும் ஒரு டாக்டரம்மா. எங்கள் தெருவில் அப்போது ஆண் டாக்டரிடம் ஒரு பெண் நாக்கை நீட்டுவதென்றால், அதற்கு முன் அவள் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்திருக்க வேண்டும். அதனால் டாக்டரம்மா வருகிறார் என்றதும் எங்களுக்கெல்லாம் இல்லாத வலிகூட வந்துவிட்டது.

எந்த நாள், எந்த நேரம் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். தலைவர் என் மாமனார், துணிக்கடை வைத்திருந்தவர். செயலாளர் சைகோனில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கு எதையும் எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. கூட்டத்தில் நடந்ததை எழுதும் தாளை அவர் "புரொசே-வெர்பால்" என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிரும்.

ஏழு பேரும் ஒரு மாதம் கூடிக் கூடி யோசித்துக் கண்டுபிடித்த நேரம், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை.

காரணத்தையும் மாமாவே சாப்பிட்டுக்கொண்டே மாமியிடம் விளக்கினார்.

"அந்த நேரத்துல ஆம்பளைங்க அத்தன பேரும் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல்ல இருப்போம். தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது. நம்ம பொம்பளைங்க யாரு கண்ணுலயும் படாம போயிட்டு வந்துடலாம். எப்டி?"

"நல்ல யோசனதான்," என்றார் மாமி, சோற்றைப் போட்டபடி. "யாரு கூட போறது?"

"ஏன், வீட்டு ஆம்பளைங்க கூடத்தான்."

"அவங்கதான் பள்ளிவாசல்ல இருப்பாங்களே?"

மாமா ஒரு வாய்ச் சோற்றை நெடுநேரம் மென்றார். "அதெல்லாம் குழு பாத்துக்கும்," என்றார் கடைசியில்.

வெளியே போவதென்றால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, வீட்டு ஆண் ஒருவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போவதுதான் வழக்கம். முன்னால் நடக்க வேண்டியவர் பள்ளிவாசல் ஸஃபில், அதாவது தொழுகை வரிசையில் உட்கார்ந்திருந்தால், பின்னால் போகிறவள் எங்கே போவாள்? அதோடு வெள்ளிக்கிழமைப் பகல் என்பது எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குத் திருவிழா மாதிரி. விடிந்ததிலிருந்து வெந்நீர் போட்டு, சட்டைகளுக்குக் கஞ்சி போட்டு, அத்தர் சீசாவைத் தேடிக் கொடுத்து ஆண்களை அனுப்பினால், அவர்கள் திரும்பி வரும்போது நெய்ச்சோறும் கறி ஆணமும் சூடாக இருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்கு நோய்வாய்ப்படக்கூட நேரமில்லை.

முதல் வெள்ளி யாரும் போகவில்லை. இரண்டாம் வெள்ளி ஒரு ஆடு உள்ளே போய்ப் பஞ்சைத் தின்றதாகக் கேள்வி. மூன்றாம் வெள்ளியும் டாக்டரம்மா தனியாக உட்கார்ந்துவிட்டுப் போனார். மேரியிலிருந்து கடுதாசி வந்தது: இப்படியே போனால் ஆஸ்பத்திரியை வேறு பக்கம் மாற்றிவிடுவோம்.

செயலாளர் அதைப் படித்துவிட்டு எங்கள் கூடத்தில் சந்தோஷமாகச் சொன்னார்: "இதுலேருந்து என்னா தெரியுது? நம்ம பொம்பளைங்களுக்கு நோயே இல்லன்னு தெரியுது!"

நான் உள்ளே என் ஓரகத்தியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. பத்தொன்பது வயசு. என்னை "லாத்தா" என்றுதான் கூப்பிடுவாள், கூடப் பிறந்த அக்காவைப் போல. வந்து மூன்று வருஷத்தில் இரண்டு பிள்ளைகளை ஏழாம் மாசத்திலேயே இழந்திருந்தாள். இப்போது மூன்றாவது, ஐந்து மாசம். ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்னால் டாக்டரம்மா ஒருநாள் வீடு வீடாக வந்தார். அவள் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி.

"ரத்தக் கொதிப்பு இருக்கு. வாரா வாரம் வந்து என்கிட்ட காட்டணும். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது. போன ரெண்டும் இதனாலதான் போயிருக்கும்," என்றார்.

மூன்று வாரம் தவறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், அங்கே ஆண் டாக்டர்கள் என்று மாமி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். டாக்டரம்மாவும் போய்விட்டால் இவளுக்கு யாரும் இல்லை.

அப்போதுதான் மேலேயிருந்து இன்னொரு கடுதாசி வந்தது. மெட்ராஸ் பக்கமிருந்து வந்திருந்த புது அதிகாரி எழுதியது. ஆஸ்பத்திரியை மாற்றுவதற்கு முன் பெண்களின் கருத்தையும் கேட்க வேண்டுமாம்.

குழு ஆடிப்போய்விட்டது. "எந்தப் பொம்பள?" என்றார் ஒருவர். "கருத்துன்னா எதப் பத்தி?" என்றார் இன்னொருவர். கடைசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூட்டம் என்று முடிவாயிற்று. நடுவில் திரை. அந்தத் திரைக்கு என் கல்யாணச் சமுக்காளத்தைத்தான் எடுத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கருத்துக் கேட்கும் கூட்டம் நாளைக்குத்தானே.

பெண்கள் வந்தது கொல்லை வழியாக. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொல்லைக்கும் அடுத்த வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு இருக்கும். முதல் வீட்டில் நுழைந்தால் தெருவில் கால் வைக்காமலே கடைசி வீடு வரை போய்விடலாம். உப்புக் கடன், பிள்ளைப்பேறு, சம்பந்தம், சண்டை எல்லாம் அந்த வழியில்தான். ஆண்களுக்கு முன்பக்கம் ஒரு தெரு இருந்தது. எங்களுக்குப் பின்பக்கம் ஒரு தெரு இருந்தது. எங்களுடையது நிழலாகவும் இருக்கும்.

இருபது பேருக்கு மேல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மாமி முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார்: "அசலான் காதுல எவ கொரலும் விழக் கூடாது. சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் செயலாளர் எழுந்து படித்தார். "மேன்மை தங்கிய மாதர்காள்!" என்று தொடங்கிய வாக்கியம் எங்கேயோ போய்ச் சுற்றிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை நேரம் தங்களுக்குச் சம்மதமா?" என்று வந்து நின்றது.

நாங்கள் பேசவில்லை. ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருப்பவள் முகத்தைப் பார்த்தோம். ஓரகத்தி என் கையைப் பிடித்து அமுக்கினாள். நான் வாயைத் திறந்தேன். மாமி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டதை இன்றைக்கும் நினைத்து வெட்கப்படுகிறேன். என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்ட நாட்கள் குறைவு. அதில் ஒன்றா இது இருக்க வேண்டும்?

"ரெண்டாம் தடவை கேக்குறேன். சம்மதமா?"

ஒரு வளையல் சத்தம்கூட இல்லை.

"மூணாம் தடவை. சம்மதமா?" கொஞ்ச நேரம் விட்டு, "அல்ஹம்துலில்லாஹ்! ஏகமனதா சம்மதம்!" என்றார் செயலாளர். பேனா கரகரவென்று ஓடியது.

எங்களுக்குப் புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நிக்காஹில் மணப்பெண்ணிடம் போய் மூன்று தடவை கேட்பார்கள். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்து பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். செயலாளருக்குப் பெண்களிடம் சம்மதம் கேட்டுப் பழக்கமிருந்தது அந்த ஒரு முறைதான். அதையே இங்கேயும் செய்துவிட்டார். ஒரே கேள்வியில் இருபது பேரை வெள்ளிக்கிழமைக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. துஆ ஓதினார்கள். நாங்கள் சுட்ட வடையை அவர்கள் தின்றார்கள். என் சமுக்காளத்தில் கை துடைத்தது யார் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஓரகத்தி கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்:

"லாத்தா, இதுவும் போயிடுமா?"

"ச்சீ, வாயக் கழுவு."

"நாம சம்மதிச்சிட்டோமாமே."

"நாம எங்கடி சம்மதிச்சோம்? சும்மாதான இருந்தோம்?"

இதைச் சொல்லும்போதுதான் எனக்கு என் சின்னம்மா ஞாபகம் வந்தது. சின்னம்மாவுக்குப் புருஷன் தவறி, இரண்டாம் நிக்காஹ் நடந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்க வந்தவர்கள் கேட்டார்கள். சின்னம்மா குனிந்துகொண்டே இருந்தாள். அப்போது வாசலில் நின்ற பெரியவர் சொன்னார்: "கன்னிப்பொண்ணுன்னா பேசாம இருந்தா போதும். வாழ்ந்த பொண்ணு வாயத் தொறந்து சொல்லணும். இல்லன்னா செல்லாது." சின்னம்மா சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். தெருவில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, ஒன்பது கொல்லைக் கதவுகளைத் தாண்டிப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வீட்டுக்கு ஓடினேன். ஹஜ்ரத் வீட்டம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இதச் சோத்துல வச்சிதான் குடுக்கணும்," என்றார்.

மறுநாள் நடந்ததை அவரே வந்து சொன்னார். ஹஜ்ரத் சாப்பிட உட்கார்ந்ததும் இவர் கேட்டாராம்:

"ஏங்க, வாழ்ந்த பொண்ணு பேசாம இருந்தா சம்மதமா?"

"ஆகாதே. வாயால சொல்லணும்."

"அப்ப நேத்து அங்க உக்காந்திருந்ததுல கன்னிப்பொண்ணு எத்தன பேரு?"

ஹஜ்ரத் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாராம். "அது நிக்காஹ் இல்ல. வெறும் கூட்டம்."

"கூட்டம்னா பின்ன ஏன் மூணு தடவ கேட்டாரு அவரு? கேக்குறது மட்டும் நிக்காஹ் மாதிரி, பதில் மட்டும் கூட்டம் மாதிரியா?"

ஹஜ்ரத் நியாயமான மனுஷர். கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். அன்று மாலைத் தொழுகைக்குப் பிறகு ஏழு பேரையும் உட்காரவைத்து, சட்டத்தைச் சொல்லி, நீங்கள் எடுத்த சம்மதம் செல்லாது என்று சொல்லிவிட்டார். செயலாளருக்கு முகம் செத்துப்போயிற்று. புரொசே-வெர்பாலை மூன்று நகல் எடுத்து மேரிக்கு வேறு அனுப்பியிருந்தார். அதைத் திருப்பி வாங்குவதற்கு இன்னொரு புரொசே-வெர்பால் எழுத வேண்டியிருந்தது என்பதுதான் அவருக்கு ஒரே ஆறுதல்.

இரண்டாம் கூட்டத்துக்கு மெட்ராஸ் அதிகாரியும் வந்தார், டாக்டரம்மாவும் வந்தார். டாக்டரம்மாவுக்கு ஆண்கள் பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நேராக எங்கள் பக்கம் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த முறை வாயால சொல்லணும்," என்றார் ஹஜ்ரத்.

"சம்மதமா?" என்றார் செயலாளர். குரல் உள்ளே போயிருந்தது.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி திரையைப் பார்த்தார். அப்புறம் ஓரகத்தியின் காலைப் பார்த்தார். கொலுசுகூட ஏறாமல் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவள்.

"சம்மதமில்ல!" என்றார் மாமி.

திரைக்கு அந்தப் பக்கம் மாமாவுக்குப் புரையேறியது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலை அவர் அடுப்பங்கரைக்கு வெளியே கேட்டதில்லை.

"வெள்ளிக்கெழம நாங்க அங்க போயி உக்காந்துட்டா, தொழுதுட்டு வர்றவங்களுக்குச் சோறு யாரு போடுறது? அந்த ஏழு பேரா?"

அதற்கப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? ஒருத்தி செவ்வாய்க்கிழமை என்றாள். இன்னொருத்தி காலை பத்து மணி, ஆண்கள் கடைக்குப் போன பிறகு என்றாள். ஒரு கிழவி தன் முட்டிவலியை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒவ்வொருத்தரா! ஒவ்வொருத்தரா!" என்று கதறினார் செயலாளர். "புரொசே-வெர்பால்ல எப்டி எழுதுறது?"

"சும்மா இருந்தப்பவே எழுதுனீங்கல்ல," என்றேன் நான். "அதே மாதிரி எழுதுங்க."

அதிகாரி சிரிப்பை அடக்குவது திரை வழியாகவே கேட்டது. "சரிம்மா, செவ்வாய்க்கிழமை பத்து மணின்னே வச்சுக்குவோம். ஆனா அப்பவும் ஆண்கள் கடையில இருப்பாங்களே. யார் கூட வருவீங்க?"

"யாரும் வேணாம். கொல்லக் கதவத் தொறந்து விடுங்க போதும்," என்றேன்.

"எந்தக் கதவு?"

"ஆஸ்பத்திரி வீட்டுக் கொல்லக் கதவு. நீங்க வாடகைக்கு எடுத்தப்ப செங்கல்ல வச்சி அடச்சிட்டீங்களே, கெணத்தடிக்குப் பக்கத்துல. அதத் தொறந்தா நாங்க தெருவுல காலே வைக்காம வந்துடுவோம்."

அதிகாரியின் நாற்காலி குழுவின் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

"குழு அந்த இடத்தைப் பார்வையிட்டதா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஏழு தடவ பாத்தோங்க," என்றார் மாமா. "முன்பக்கமா."

இரண்டே நாளில் செங்கல்லை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நாங்கள் கொல்லைக் கொல்லையாகக் கிளம்பினோம். ஓரகத்தியை நடுவில் விட்டுக்கொண்டு நடந்தோம். டாக்டரம்மா அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார், இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செயலாளர் ஒருவர் இருக்கிறாரே. வந்தவர்களின் பேரை எழுத அவர் ஆஸ்பத்திரி முன்வாசலில் மேசை போட்டு, ரிஜிஸ்தரை விரித்து உட்கார்ந்திருந்தார். முன்வாசல் வழியாக யார் வருவார்கள்? நாலு செவ்வாய், "எவரும் வரவில்லை" என்று நாலு வரி அழகாக எழுதி, மேரிக்கு அனுப்பிவிட்டார். உள்ளே டாக்டரம்மாவுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. வெளியே இவருக்குக் கொட்டாவி விட்டு வாய் வலி.

மூடச் சொல்லி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியே வந்துவிட்டார். டாக்டரம்மா நடைக்கதவைப் பாதி திறந்து, "கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்க, சார்," என்றார். உள்ளே நாங்கள் போட்ட இரைச்சலுக்கு அவர் காதைக் கொடுக்கவே வேண்டியதில்லை. உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரிஜிஸ்தரைக் கொல்லைப் பக்கம் கொண்டு போங்க," என்றார்.

"பொம்பளைங்க நடுவுல நான் எப்டிங்க?" என்றார் செயலாளர்.

"அப்ப ஒரு பொம்பளகிட்ட குடுங்க," என்றார் டாக்டரம்மா.

அப்படித்தான் சர்க்கார் ரிஜிஸ்தர் என் கைக்கு வந்தது. பேர் எழுத எனக்கு வராது. வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு கோடு போட்டேன். குண்டான பெண்ணுக்குக் கொஞ்சம் கனமான கோடு. செயலாளர் அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். ஆனால் கோடுகள் மேரிக்குப் போயின, மேரியும் ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, அதனால் மறுக்க யாருக்கும் தெரியவில்லையோ என்னவோ.

எட்டாம் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மா காற்றடித்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "இப்பவே பெரிய ஆஸ்பத்திரி. நானும் கூட வர்றேன்." எல்லோரும் மாமியைத்தான் பார்த்தோம். அங்கே ஆண் டாக்டர்கள். மாமி ஒரு நிமிஷம் தன் துப்பட்டியின் நுனியை இரண்டு விரலால் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு அதை எடுத்து ஓரகத்தியின் மேல் போர்த்தி, "வண்டியக் கூப்புடு. முன்வாசல்ல," என்றார்.

செயலாளர் வெயிலில் ஓடிப் போய் வண்டி பிடித்து வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம்.

நாற்பது நாள் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஓரகத்தி கொல்லைக் கதவில் குனிந்து உள்ளே வந்தாள். கையில் துணிச்சுருள். அதற்குள் ஒரு முகம், உள்ளங்கை அகலம். பெண். டாக்டரம்மா தராசில் வைத்ததும் அது கத்திய கத்தலில் நடைக்கு அந்தப் பக்கம் செயலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

நான் ரிஜிஸ்தரில் ஓரகத்திக்கு ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் இன்னொரு சின்னக் கோடு போட்டேன்.

அன்று சாயங்காலம் செயலாளர் அதைப் பார்த்துவிட்டு மாமாவிடம் வந்து முறையிட்டார். "பாதிக் கோடு போட்டிருக்காங்க. விதியில பாதிக் கோட்டுக்கு இடமில்லீங்க. மேரியில கேட்டா நான் என்னா சொல்றது?"

மாமா பேத்தியை மடியில் வைத்திருந்தார். உள்பக்கம் திரும்பி மாமியைப் பார்த்தார்.

"அதுவும் கொல்ல வழியாதான வந்துது," என்றார் மாமி. "எழுதிக்கச் சொல்லுங்க."